வக்கீலுக்கு இன்றைக்கு என்ன தேதி?

ஒரு உயில் வழக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஆட்கள் அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காக ஊர், உறவு, வருஷம் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். நான் செய்த தப்பை மட்டும் மாற்றவில்லை.

நான் பிரதிவாதிக்கு ஆஜர். உயில் செல்லாது என்பது எங்கள் தரப்பு. உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட ஒரு பெரியவரை வாதி பக்கத்தில் கூண்டில் ஏற்றியிருந்தார்கள். எழுபதைத் தாண்டியவர். சலவை வேட்டி, தோளில் துண்டு. கூண்டுக் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஓடுகிற பஸ்ஸில் நிற்பவர் மாதிரி நின்றார். முதல் விசாரணை வழக்கம்போல அஃபிடவிட்டாக வந்துவிட்டது. அன்றைக்கு என்னுடைய குறுக்கு விசாரணை.

முந்தின ராத்திரி உட்கார்ந்து பதினெட்டுக் கேள்வி எழுதி வைத்திருந்தேன். ஆறாவது கேள்வி, உயில் எழுதின அன்றைக்கு வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்பது. அது ஒன்றும் பெரிய கேள்வி இல்லை. ஏழாவதுக்கு ஏறுவதற்குப் போட்ட படிக்கட்டு. பெரியவர் நாலைந்து பேர் சொன்னார். அப்போது பேண்ட் பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. மாடியில் இன்னொரு கோர்ட்டில் என் ஜாமீன் மனு. குமாஸ்தா அண்ணன் போன் பண்ணுகிறார் என்றால் மனுவைக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். பாஸ் ஓவர், அதாவது கொஞ்சம் கழித்துக் கூப்பிடும்படி, கேட்கச் சொல்லியிருந்தேனா இல்லையா? ஞாபகம் இல்லை. கண் தாளில் ஏழாவது கேள்விக்குப் போய்விட்டது.

பெரியவர் நிறுத்தவில்லை. "அப்புறம் அவரு கையெழுத்துப் போட்டுட்டு, கிறுகிறுன்னு வருதுன்னு உள்ள போய்ப் படுத்துட்டாரு. நாங்க திண்ணையில உக்காந்து போட்டோம்" என்றார்.

நான் ஏழாவது கேள்வியைக் கேட்டேன்.

வக்கீல் அல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். இந்திய வாரிசுரிமைச் சட்டம் 63-ஆம் பிரிவுப்படி, உயில் எழுதியவரின் முன்னிலையில்தான் சாட்சிகள் கையெழுத்துப் போடவேண்டும். எழுதியவர் உள்ளே படுத்திருக்க, சாட்சிகள் திண்ணையில் உட்கார்ந்து போட்டார்கள் என்றால் உயிலின் அடித்தளமே ஆடும். பதினெட்டுக் கேள்வி போட்டு நான் தேடிக்கொண்டிருந்த விஷயம் அதுதான். கேட்காமலே மனிதர் எடுத்துக் கொடுத்தார். நீதிபதி அந்த நேரம் பார்த்து ஏதோ ஒரு உத்தரவில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் சொல்லச் சொல்லத்தான் டைப்பிஸ்ட் அடிப்பார். நான் "அதைப் பதிவு பண்ணணும் அய்யா" என்று சொல்லியிருந்தால் பதிவாகியிருக்கும். சொல்லவில்லை. வாக்குமூலத்தில் நாலு பேருடைய பெயர்கள் மட்டும் ஏறின. எதிர்த்தரப்பு வக்கீல் கண்ணாடியைக் கழற்றி, கழுத்துப்பட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்திருக்கிறது. என் காதிலும் விழுந்ததுதான். மனசில் ஏறவில்லை.

சாயங்காலம் ஜூனியர் பொண்ணு கேஸ் கட்டுகளை அடுக்கிக்கொண்டே கேட்டாள். "சார், திண்ணையில உக்காந்து போட்டோம்னு அவர் சொன்னாரே, அத ஏன் சார் விட்டுட்டோம்?"

வயிற்றுக்குள் ஒரு கல் இறங்கினது. சாட்சியைத் திரும்ப அழைக்க மனுப் போட்டோம். சிவில் நடைமுறைச் சட்டத்தில் 18-ஆவது கட்டளை, 17-ஆவது விதி. செலவுத்தொகை கட்டச் சொல்லி அனுமதித்தார்கள். பெரியவர் மறுபடி வந்தார், அதே துண்டு. "படுத்திருந்தாருய்யா. கதவு தெறந்துதான் கெடந்துச்சு. எங்களப் பாத்துக்கிட்டேதான் படுத்திருந்தாரு." நடுவில் இருந்த நாற்பது நாளில் யாரோ அந்தக் கதவைத் திறந்து, கட்டிலையும் திண்ணைக்கு நேராகத் திருப்பிப் போட்டிருந்தார்கள்.

வழக்கு தோற்றது. மேல்முறையீடு நிலுவையில் இருக்கிறது.

"மைண்ட்ஃபுல்னெஸ் அது இதுன்னு ஏதோ பண்றீங்களாமே, டென்ஷன் குறையுதா?" என்று பார் ரூமில் பல பேர் கேட்கிறார்கள். டென்ஷன் குறைப்பதற்காக நான் அந்தப் பக்கம் போகவில்லை. ஒரு பதில் காதில் விழுந்தும் கேட்காமல் போன அவமானத்தில் போனேன். டென்ஷன் சமாச்சாரம் பின்னால்தான் புரிந்தது.

எந்த வக்கீலுடைய டைரியையாவது புரட்டிப் பாருங்கள். வலது ஓரத்தில் அடுத்த வாய்தா, இடது ஓரத்தில் போன வாய்தா. நடுவில் வழக்கு எண், பெயர், எந்தக் கட்டம். இன்றைக்கு என்பது அந்த இரண்டுக்கும் நடுவில் நசுங்கிக் கிடக்கும். காலையில் கால் வொர்க் நடக்கும்போது பாருங்கள். டவாலி பெயரைக் கூப்பிட, நாம் எழுந்து நிற்க, "கவுண்டர்", "பதினாலாம் தேதி" என்று இரண்டு வார்த்தை. பேனா வலது ஓரத்துக்குப் போய்விடும். கட்சிக்காரர் நாலு மணிக்கே எழுந்து பஸ் ஏறி வந்திருப்பார், அவருடைய இன்றைக்கு முடிந்தது பதினைந்து நொடியில். இந்தியாவின் கீழ் கோர்ட்டுகளில் மட்டும் 4 கோடிக்கு மேல் வழக்குகள் நிலுவையில் இருக்கின்றன. அத்தனைக்கும் ஒரு அடுத்த தேதி உண்டு.

போதாக்குறைக்கு, நம்முடைய தொழிலே தேதிக்குள் நடப்பது. வழக்கு மூலம் எழுந்த நாள், காலக்கெடு முடியும் நாள், நோட்டீஸ் சார்பான நாள். பிராதில் 1987-இல் நடந்த பாகப்பிரிவினையில் நிற்போம், அடுத்த நொடி வருகிற மாசம் இடைக்கால உத்தரவு காலாவதியாகிற நாளுக்குப் போவோம். பத்தொன்பது வருஷமாக இப்படித் தாவிப் பழகின மனசு, "அய்யா, யார் யார் இருந்தாங்க?" என்று கேட்டுவிட்டு அந்த இடத்திலேயே நிற்கும் என்று எதிர்பார்த்தது என் தப்பு.

சாட்சியைத் திரும்ப அழைக்கும் மனு அனுமதியான வாரம் தலைவலி என்று தெரு டாக்டரிடம் போனேன். பிரஷர் 160-க்கு 100. மாத்திரை எழுதினார். "உப்பைக் குறைங்க, நடங்க" என்றார். பிறகு அவராகவே, எட்டு வாரப் பயிற்சி ஒன்று ஆன்லைனில் நடக்கிறது, தன் மனைவி போனார், வேண்டுமானால் சேருங்கள் என்றார். நான் சிரித்தேன். வக்கீலிடம் போய் "ஒன்றும் செய்யாமல் உட்காருங்கள்" என்று சொன்னால் எப்படி இருக்கும்? ஆனாலும் அந்தத் திண்ணைப் பதில் உறுத்திக்கொண்டே இருந்தது. சேர்ந்தேன்.

பயிற்சி 1979-இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபட்-ஸின் என்பவர் ஆரம்பித்த பாடத்தின் வழி வந்தது. மருந்தால் தீராத வலியோடு இருந்த நோயாளிகளுக்காகத்தான் அவர் அதை ஆரம்பித்தார். பௌத்த தியான முறைகளிலிருந்து மதத்தைக் கழித்துவிட்டு, மூச்சையும் உடம்பையும் கவனிப்பதை எடுத்துக்கொண்டார். வாரம் ஒரு வகுப்பு, வீட்டில் தினம் முக்கால் மணி நேரம்.

முதல் வகுப்பில் ஒரே ஒரு உலர்திராட்சையைக் கையில் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். வீட்டில் பாயசத்துக்கு வாங்கி வைத்தது இருந்தது. அதைப் பார், தடவு, மோந்து பார், உதட்டில் வை, கடிக்காதே என்று பத்து நிமிஷம். சமையலறை வாசலில் நின்று என் மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு திராட்சையத் திங்க எட்டு வாரமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். எனக்கும் அதே எண்ணம்தான். ஆனால் கடித்தபோது ஒன்று தெரிந்தது. அது நாக்கில் இனிக்கிறதுக்கு முன்னாடியே என் கை அடுத்த திராட்சைக்குப் போயிருந்தது. மேசையில் இருந்த கிண்ணத்தில் விரல்கள் ரெடியாகக் காத்திருந்தன. ஏழாவது கேள்வி!

அன்றைக்குத்தான் கொஞ்சம் மதிப்பு வந்தது.

இதற்குத் தமிழில் என்ன வார்த்தை போடுவது என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். முழுக்கவனம், மனநிறைவு, விழிப்புணர்வு. மனநிறைவு நிச்சயம் இல்லை, அது பொங்கல் சாப்பிட்ட பிறகு வருவது. விழிப்புணர்வு என்றால் எனக்கு டெங்கு ஊர்வலம்தான் கண்ணில் வருகிறது. பாலி மொழியில் மூலச்சொல் சதி. சமஸ்கிருதத்தில் ஸ்மிருதி என்கிறோமே, அதன் உறவு. நேர்ப்பொருள், நினைவு. இதைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். நம்ம ஊரில் நினைவு என்றால் பழசை நினைப்பது மட்டுமா? ஆஸ்பத்திரியில் "நெனவோட இருக்காரா?" என்று கேட்கிறோம். நினைவு தப்பிவிட்டது என்கிறோம். சின்ன வயசில் தோசையைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தால் அம்மா அதட்டுவாள், "நெனப்பு எங்கடா இருக்கு?" மாசசூசெட்ஸ் வரைக்கும் போய் நான் காசு கட்டிக் கற்றது அந்த ஒரு கேள்விதான். அம்மா தோசைக்கரண்டியோடு இலவசமாகக் கேட்டாள்.

சரி, வக்கீல் புத்தி சும்மா இருக்குமா? சான்று என்ன என்று பார்த்தேன். 2014-இல் ஜாமா இன்டர்னல் மெடிசின் என்கிற மருத்துவ இதழில் தியானப் பயிற்சிகளைப் பற்றி ஒரு தொகுப்பாய்வு வந்தது. 47 சோதனைகள், மொத்தம் 3,515 பேர். பதற்றம், மனச்சோர்வு, வலி, இவை குறைகின்றன என்பதற்கு மிதமான சான்று. மன அழுத்தம் குறைகிறது என்பதற்குச் சான்று பலவீனம். மாத்திரை, உடற்பயிற்சி மாதிரியான மற்ற வழிகளைவிட இது உசத்தி என்பதற்குச் சான்றே கிடைக்கவில்லை. சிவில் வழக்காக இருந்தால், எந்தப் பக்கம் நம்பும்படி இருக்கிறது என்று பார்த்து ஒரு மாதிரி டிகிரி வாங்கிவிடலாம். கிரிமினல் வழக்கென்றால் சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விட்டுவிடுவார்கள். இதை அதிசய மருந்து என்று விற்கிறவர்களை நான் நம்பவில்லை. பிரஷர் மாத்திரையையும் நிறுத்தவில்லை.

வக்கீல்களுக்கு நோய் இருப்பதில் மட்டும் சந்தேகம் இல்லை. அமெரிக்காவில் 12,825 வக்கீல்களிடம் கேட்டு 2016-இல் ஓர் ஆய்வு வெளியானது. ஐந்தில் ஒருவருக்குமேல் குடி பிரச்சினையாகும் அளவுக்குப் போயிருந்தது. 28 சதவீதம் பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள். அது அமெரிக்கக் கணக்கு. நம் ஊர்க் கணக்கு எனக்குப் பார் ரூம் பெஞ்சில் உட்கார்ந்து தெரிந்த கணக்கு. முப்பத்தெட்டு வயசில் ஸ்டென்ட், சாயங்காலம் ஆறரைக்குமேல் போன் எடுக்காத திறமைசாலிகள். பெயர் சொல்ல வேண்டாம்.

பயிற்சிக்கு முன்னால் இன்னொரு நாள்.

மோட்டார் வாகன விபத்து வழக்கு. இறந்த பையனுக்கு 22 வயசு. அப்பா அரிசி ஆலையில் வேலை பார்க்கிறவர், பையனுடைய சம்பளச் சீட்டு, மார்க் ஷீட் எல்லாவற்றையும் துணிக்கடை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். எவ்வளவு கிடைக்கும் என்று அவர் கேட்கவில்லை. நானாகத்தான் கால்குலேட்டரை எடுத்தேன். மாசம் 15,000. எதிர்கால முன்னேற்றத்துக்கு 40 சதவீதம் கூட்டினால் 21,000. கல்யாணம் ஆகாதவர் என்றால் சொந்தச் செலவுக்குப் பாதி கழிக்கவேண்டும், 10,500. அதைப் பன்னிரண்டால் பெருக்கி, பிறகு அந்த வயசுக்கு உரிய பெருக்கு எண் 18-ஆல் பெருக்கவேண்டும். அந்த எண் 2009-இல் சர்லா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்டுக் கொடுத்த பட்டியலில் இருப்பது, எங்களுக்கெல்லாம் அது வாய்ப்பாடு மாதிரி. மொத்தம் 22,68,000. இதற்குமேல் ஈமச்சடங்குச் செலவு, இத்யாதி.

அவர் கால்குலேட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாதி எதுக்குய்யா கழிக்கிறீங்க?"

"கல்யாணம் ஆகாத பையன் சம்பளத்துல பாதியைத் தனக்கே செலவு பண்ணியிருப்பான்னு ஒரு கணக்குங்க."

"அவன் டீகூடக் குடிக்க மாட்டான்யா."

நான் தலையை ஆட்டினேன். ஒன்றும் தோன்றவில்லை. நிஜமாகவே ஒன்றும் தோன்றவில்லை. வக்காலத்தில் கையெழுத்து வாங்கினேன், அடுத்தவரைக் கூப்பிட்டேன். ராத்திரி வீட்டில் மகள் பென்சில் சீவின குப்பையைத் தரையில் கொட்டிவிட்டாள். நான் கத்தின கத்தில் மாடி வீட்டுக்காரர் கீழே இறங்கி வந்தார். குப்பைக்காக யாரும் அப்படிக் கத்துவதில்லை. மஞ்சள் பை எங்கே போய் வெடித்தது என்று எனக்கு அப்போது தெரியாது. தெரிந்தது பயிற்சியின் ஐந்தாவது வாரத்தில். படுத்துக்கொண்டு கால் கட்டைவிரலிலிருந்து உச்சந்தலைவரை உடம்பின் ஒவ்வொரு இடமாகக் கவனிக்கச் சொல்வார்கள். பெரும்பாலும் நான் முழங்காலிலேயே தூங்கிவிடுவேன். அன்றைக்குத் தொண்டைவரை போனேன். தொண்டையில் அந்த ஆள் உட்கார்ந்திருந்தார், டீ குடிக்காத பையனோடு. மூன்று மாசம் கழித்து.

இப்போது அந்த மாதிரிக் கட்சிக்காரர் போனதும் அடுத்தவரை உடனே கூப்பிடுவதில்லை. பின்பக்கக் குழாயில் முகம் கழுவப் போவேன். இரண்டு நிமிஷம். எங்கே பிடித்திருக்கிறது என்று பார்ப்பேன். தொண்டையா, தாடையா, பின் கழுத்தா. அவ்வளவுதான், சரிசெய்ய முயல்வதில்லை. குமாஸ்தா அண்ணன் முதலில் எனக்குச் சர்க்கரை என்று நினைத்தார், அடிக்கடி பின்னால் போகிறாரே என்று. மகளிடம் கத்துவது நின்றுவிட்டதா என்றால் இல்லை. இப்போது கத்தும்போது பாதியில் தெரிந்துவிடுகிறது. மீதிப் பாதியை முழுங்குவது பெரிய அசிங்கம், ஆனால் முழுங்குகிறேன். அவளும் கண்டுபிடித்துவிட்டாள். "அப்பா, இன்னைக்கு எந்த கேஸு?" என்று கேட்கிறாள்.

ராத்திரி 2:40 பற்றிச் சொல்லாவிட்டால் இந்தப் பதிவு பொய். லிமிடேஷன் பயத்தில் முழிக்காத வக்கீலை நான் பார்த்ததில்லை. திடுக்கென்று கண் திறக்கும், செக் கேஸ் ஒன்று நினைவுக்கு வரும். பாங்கு மெமோ வந்து முப்பது நாளைக்குள் நோட்டீஸ் அனுப்பியாகவேண்டும், அனுப்பினோமா? இருட்டில் விரல் விட்டு எண்ணுவேன். எண்ணி முடிப்பதற்குள் பார் கவுன்சில் நோட்டீஸ், பேப்பரில் பெயர், மகள் படிப்பு நின்றது வரை போய்விடும். எட்டு வாரப் பாடத்தில் சொன்னது, வருகிற எண்ணத்தை எண்ணமாகப் பார், வானத்தில் மேகம் போகிற மாதிரிப் போகவிடு என்று. நல்ல பிள்ளையாக ஒரு ராத்திரி அப்படியே மேகமாக்கிவிட்டுத் தூங்கினேன். காலையில் ஏதோ உறுத்தி டைரியைப் பார்த்தால் இருபத்தொன்பதாவது நாள்! நோட்டீஸ் போகவில்லை. அன்றைக்கு மத்தியானத்துக்குள் டைப் செய்து, பதிவுத் தபாலில் சேர்த்து, ரசீதை வாங்கின பிறகுதான் மூச்சு வந்தது, கவனிக்காமலே.

ஆக, மேகம் எல்லாம் மேகம் இல்லை. சில மேகத்தில் மழை இருக்கிறது. இதைப் பயிற்சி நடத்திய ஆசிரியையிடம் சொன்னபோது சிரித்துவிட்டு, "அப்ப எழுந்து பாருங்க சார்" என்றார். இப்போது தலையணை பக்கத்தில் ஒரு குட்டி நோட்டும் பென்சிலும் இருக்கின்றன. முழித்தால் வழக்குப் பெயரை எழுதுவேன். காலக்கெடுகளை என் டைரி தவிர குமாஸ்தா அண்ணன் ஒரு நோட்டிலும், ஜூனியர் ஒரு எக்செல் தாளிலும் ஏற்றுகிறார்கள். மூன்றிலும் இருக்கிற விஷயத்துக்காக மனசு அலறினால் மட்டும்தான் மூச்சைக் கவனிக்கிற வேலை. டைரி செய்யவேண்டிய வேலையைத் தியானத்திடம் கொடுத்தால் இரண்டும் கெடும்.

இதே தப்பை நான் இன்னொரு இடத்திலும் செய்தேன். ஒரு சங்கத்தில் இளம் வக்கீல்களுக்கு மன அழுத்தத்தைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். பொன்னாடை எல்லாம் போட்டார்கள். நான் மூச்சு, கால், திராட்சை என்று அரை மணி நேரம் அடித்து விட்டேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "சார், மூச்சை நாங்க கவனிச்சுக்கறோம். ரூம் வாடகையை யார் சார் கவனிக்கிறது?" கூட்டம் கைதட்டிச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜூனியர்களுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை கொடுக்கவேண்டும் என்று 2024-இல்தான் உயர் நீதிமன்றம் சொல்லி, தமிழ்நாடு பார் கவுன்சில் சுற்றறிக்கை விட்டது. சென்னை, மதுரை, கோவையில் மாசம் 20,000, மற்ற ஊர்களில் 15,000. அதற்கு முன்னால் நான் கொடுத்துக்கொண்டிருந்தது அதில் பாதிகூட இல்லை. என் சீனியர் எனக்குக் கொடுத்தது பஸ் காசும் மத்தியானச் சாப்பாடும் என்பதால் நான் தாராளப்பிரபு என்றே நினைத்திருந்தேன். அந்தப் பையன் கேட்ட மறுமாசம் கணக்குத் தீர்த்தேன். என் ஜூனியருடைய மன அழுத்தம் எட்டு வாரமெல்லாம் எடுத்துக்கொள்ளவில்லை, ஒன்றாம் தேதி காலையிலேயே கொஞ்சம் குறைந்திருந்தது.

அதே பொண்ணு முதல் தடவை தனியாகக் குறுக்கு விசாரணை செய்யப் போனபோது கையில் இருந்த தாள் ஆடியது. அவளிடம் காந்தி கதையைச் சொன்னேன். பம்பாய் சிறு வழக்கு நீதிமன்றத்தில் அவருடைய முதல் வழக்கு, பீஸ் 30 ரூபாய். குறுக்கு விசாரணைக்கு எழுந்தவருக்கு நாக்கு எழவில்லை, ஒரு கேள்விகூட வரவில்லை. உட்கார்ந்துவிட்டார், வேறு வக்கீலைப் பாருங்கள் என்று சொல்லிப் பீஸைத் திருப்பிக் கொடுத்தார். சத்திய சோதனையில் அவரே எழுதி வைத்திருக்கிறார். "அப்புறம் என்ன சார் ஆச்சு?" என்றாள். "தெரியாதா உனக்கு?" என்றேன். பிறகு ஒரே ஒரு விஷயம் சொன்னேன். எழுந்ததும் செருப்புக்குள் இரண்டு உள்ளங்காலும் தரையில் இருக்கிறதா என்று பார், அதற்குப் பிறகு வாயைத் திற. இது நான் தினமும் செய்வது. மே மாசத்து மதுரையில் கறுப்பு கோட்டுக்குள் வெந்துகொண்டிருக்கும்போது மூச்சைக் கவனித்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. கால் வேலை செய்கிறது.

இன்னொன்று, அவசியம் சொல்லவேண்டியது. சில பேருக்கு கண்ணை மூடி உட்கார்ந்தால் பதற்றம் கூடுகிறது. பழைய காயம் இருக்கிறவர்களுக்கு அது மேலே கிளம்பி வரும். வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, எழுந்து கோர்ட்டுக்குப் போகவே முடியவில்லை, செத்துப் போகலாம் போல இருக்கிறது என்றால், திராட்சையும் வேண்டாம், என் பதிவும் வேண்டாம். மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். போன் எடுக்கிறவருக்கு நீங்கள் வக்கீல் என்று தெரியவேண்டிய அவசியமும் இல்லை.

உட்காருகிற நேரம் இப்போது காலையில் பன்னிரண்டு நிமிஷம். முக்கால் மணி நேரம் எனக்கு ஒத்துவரவில்லை. உயர் நீதிமன்றக் கிளைக்குப் போகிற நாளில் ஒத்தக்கடையில் வண்டியை நிறுத்திவிட்டு யானைமலையைப் பார்த்தபடி வண்டிக்குள்ளேயே உட்கார்ந்துகொள்வேன். அந்த மலையில் ஏறத்தாழ இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் சமணத் துறவிகள் கல்லில் படுக்கை வெட்டிப் படுத்திருந்தார்கள். அவர்களுக்கும் என் செக் கேஸுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் ரிவர்ஸ் எடுக்கிற ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்கிறவரைக்கும் நன்றாக இருக்கும்.

போன வாரம் மறுபடி ஒரு ஆவணச் சாட்சி. இந்தத் தடவை செட்டில்மென்ட் பத்திரம். கேள்விகள் எழுதின தாளைக் கவிழ்த்து வைத்திருந்தேன். போன் ஜூனியர் கையில். இப்போதெல்லாம் சாட்சி பதில் சொன்ன பிறகு ஒரு மூச்சு அளவு சும்மா நிற்கிறேன், பதில் முழுசாக வந்து சேரட்டும் என்று. அதில் ஒரு உபயோகம் இருக்கிறது. கோர்ட்டில் மௌனத்தை யாராலும் தாங்க முடியாது, சாட்சியால் சுத்தமாக முடியாது. எதையாவது சொல்லி நிரப்பப் பார்ப்பார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் எனக்குக் கேள்வி தீர்ந்துவிட்டது என்று நினைத்துப் பேனாவை மூடிவிட்டார்.

"பத்திரம் எழுதுன அன்னைக்கு வீட்டுல யார் யார் இருந்தாங்க?"

சாட்சி மூன்று பேர் சொன்னார். நான் நின்றேன். மின்விசிறி கடகடத்தது. உள்ளங்கால் இரண்டும் தரையில் இருந்தன. சாட்சி என்னைப் பார்த்தார், நீதிபதியைப் பார்த்தார், துண்டால் வாயைத் துடைத்தார். வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்தது.

"அன்னைக்கு வெயிலு ஜாஸ்திங்க. எல்லாருக்கும் மோர் கொடுத்தாங்க."

டைப்பிஸ்ட் அம்மா நிமிர்ந்து பார்த்தார். நீதிபதியும் பார்த்தார். "இதுவும் பதிவு பண்ணணுமா கவுன்சல்?"

"வேண்டாம் அய்யா" என்றேன். ஜூனியர் பின்னால் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தாள். தாளைத் திருப்பி அடுத்த கேள்வியைப் பார்த்தேன்.